காஷ்மீர நீலக்கல்: பிறப்பும் பெருமையும்

நவமணிகளுள் ஒன்றாகிய நீலத்தை நம் நாட்டினர் தொன்றுதொட்டு அறிவர். எனினும், நீலக்கற்கள் அனைத்தினும் தலைசிறந்ததென உலகின் மணி வணிகர் போற்றுவது, இமயமலையின் மிகச் சிறிய ஓரிடத்தில், பெரும்பாலும் ஒரு சில ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்ட காஷ்மீர நீலக்கல்லையே ஆகும். 2015ஆம் ஆண்டு ஹாங்காங் நகரில் நடைபெற்ற ஏலத்தில், 27.68 காரட் எடையுள்ள அத்தகைய கல் ஒன்று சுமார் 67 இலட்சம் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஆகவே, அக்கல்லின் எடை ஆறு கிராம்கூட இல்லை. இத்தகைய மதிப்பு அதற்கு எங்ஙனம் உண்டாயிற்று?

கிடைத்த இடம்

பெயர் காஷ்மீரம் என்றிருப்பினும், இக்கல் கிடைத்தது காஷ்மீரப் பள்ளத்தாக்கில் அன்று. கிஷ்த்வாரைச் சேர்ந்த பாடர் பகுதியில், சும்ஜாம் என்னும் சிற்றூருக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்திலாகும். 1881ஆம் ஆண்டையொட்டி அங்கு ஏற்பட்ட நிலச்சரிவு ஒன்று நீலப் படிகங்களை வெளிப்படுத்தியது. அவற்றின் அருமை அறியாதவர்கள் தொடக்கத்தில் அவற்றை அற்ப விலைக்கு விற்றனர் என்பர். செய்தி பரவியதும் காஷ்மீர மன்னரின் அரசாங்கம் காவல் அமைத்துச் சுரங்கத்தைத் தன்வசமாக்கிக் கொண்டது. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக்கிடக்கும் அவ்விடத்தில், கோடையின் இரண்டொரு மாதங்களே வேலை நடைபெற இயலும். அங்ஙனமிருந்தும், 1887ஆம் ஆண்டிற்குள் சிறந்த கற்கள் யாவும் பெரும்பாலும் அள்ளப்பட்டுவிட்டன. அவ்வாண்டில் இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த லா டூஷ் அங்குச் சென்று ஆய்ந்தார். பழைய சுரங்கம் ஏறத்தாழ வற்றிவிட்டதை அவர் கண்டார். அவருடைய அறிக்கை 1890இல் வெளியாயிற்று. பின்னர் நிகழ்ந்த முயற்சிகள் எவையும் முதல் ஆண்டுகளின் விளைவுக்கு ஈடாகவில்லை.

பிறந்த விதம்

நீலக்கல், அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த குருந்தம் என்னும் கனிமத்தின் ஒரு வகை. ஆங்கிலத்தில் இக்கனிமத்திற்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் இத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது என்பது அறிஞர் கொள்கை. அலுமினியம் பூமியில் ஏராளமாக உண்டு. ஆனால், அருகில் சிலிக்கா மிகுதியாக இருந்தால் அது அதனுடன் கூடி ஃபெல்ஸ்பார், அபிரகம் முதலிய சாதாரணக் கனிமங்களாகிவிடும். பாடரில், உருகிய நிலையிலிருந்த பெக்மடைட் பாறை, சிலிக்கா குறைந்த வேறொரு பாறையினுள் புகுந்தது. அப்பாறை சிலிக்காவை ஈர்த்துக்கொள்ளவே, எஞ்சிய அலுமினியம் குருந்தமாகப் படிந்தது. இவ்வாறு இருவேறு பாறைகள் சந்திக்கும் இடங்கள் அரியவை. மணியின் அருமைக்கு இதுவே முதற் காரணம்.

நிறமும் ஒளியும்

தூய குருந்தம் நிறமற்றது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கமாகிறது; இரும்பும் டைட்டானியமும் ஒருங்கே கலந்தால் நீலமாகிறது. நூறில் ஒரு பங்கினும் குறைவான கலப்பே இதற்குப் போதும். ஒளி படும்போது இரும்பு அணுவிலிருந்து அண்டையிலுள்ள டைட்டானிய அணுவுக்கு எலெக்ட்ரான் தாவுகிறது. அப்போது மஞ்சள், சிவப்பு ஒளிக்கதிர்கள் உட்கொள்ளப்படுவதால், எஞ்சிய நீலம் நம் கண்ணை அடைகிறது. குற்றம் என நாம் கருதக்கூடிய கலப்பே இங்கு அழகாகிறது.

காஷ்மீரக் கல்லுக்கு மற்றொரு தனித்தன்மையும் உண்டு. அதனுள் பரவியுள்ள மிக நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், நிறம் வெல்வெட்டுத் துணியைப் போன்று மென்மையாகத் தோன்றுகிறது. நம் வணிகர் இதனை மயிலின் கழுத்துக்கு ஒப்பிடுவர். ஆசிரியர்கள் இத்தத்துவத்தை எளிதில் விளக்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில துளி பால் கலந்து, கரிய திரையின் முன் வைத்து, பக்கத்திலிருந்து விளக்கொளியைப் பாய்ச்சினால், சிதறிய ஒளி இளநீல மூட்டமாகப் புலப்படும்.

இடத்தைப் பதிவு செய்தல்

பிரெஞ்சு விஞ்ஞானி வெர்னூய் 1902இல் செயற்கை மாணிக்கத்தையும், சில ஆண்டுகளில் செயற்கை நீலத்தையும் உண்டாக்கும் முறையை வெளியிட்டார். செயற்கைக் கல்லும் குருந்தமே. கடினத்திலும் அடர்த்தியிலும் வேறுபாடு இல்லை. ஆகவே, நிறத்தைக் கொண்டோ, கீறிப்பார்த்தோ கல்லின் பிறப்பிடத்தைத் துணிதல் தவறு. கீறுவதால் மணிக்கும் கேடு விளையும். கல்லினுள் அடங்கிய நுண்பொருள்களை உருப்பெருக்கியால் நோக்கி, இடம் உறுதியாகத் தெரிந்த மாதிரிகளுடன் ஒப்பிட்டே இன்றைய ஆய்வுக்கூடங்கள் முடிவு கூறுகின்றன.

ஆனால், அம்முதல் ஆண்டுகளில் படிகங்கள் எண்ணி எடுக்கப்பட்டனவே அன்றி, அவை இருந்த பாறை ஆராயப்படவில்லை. பூகர்ப்ப அறிஞர் அங்கு அடியெடுத்து வைத்தபோது வளமான பகுதி தோண்டப்பட்டுப் போயிருந்தது. ஆகவே, வெளியிடங்களில் பணிபுரியும் ஊழியர்கள் அரிய கனிமம் எதையேனும் கண்டால், அதனைப் பெயர்த்தெடுக்கு முன் இடம், உயரம், தாய்ப்பாறை, அருகிலுள்ள பிற கனிமங்கள் ஆகியவற்றைக் குறித்து, தாய்ப்பாறையின் துண்டொன்றையும் உடன் அனுப்புதல் வேண்டும். கல்லை எவரும் எடுத்துவிடலாம். அது கிடந்த நிலையை ஒருமுறை கலைத்தபின் மீண்டும் அமைக்க எவராலும் இயலாது.