மருந்தின் பொதுப் பெயரைக் கேட்டு வாங்குவோம்

"பிறசர்க் குளிசையைப் பாதியாய் முறிச்சுத்தான் போடுறன் பிள்ளை. அப்பதான் அடுத்த கிளினிக் மட்டும் காணும்." பளையில் வீடு வீடாகச் செல்லும்போது இந்தப் பேச்சு என் காதில் அடிக்கடி விழுகிறது. சொல்பவர்களில் பலர் கணவனை இழந்தபின் தென்னங்காணிகளில் கூலிவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த அம்மாமார்.

இந்தப் பழக்கத்தின் வேர் எமக்குத் தெரியாததல்ல. யுத்த காலத்தில் வன்னிக்கு மருந்துகள் கட்டுப்பாடுகளுடனேயே வந்தன. 2006 ஆகஸ்ட்டில் முகமாலைப் பாதை மூடப்பட்டபின் நெருக்கடி இன்னும் கூடியது. இருப்பதைப் பிரித்துப் பாவிக்கப் பழகிக்கொண்டோம். ஆனால் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் காய்ச்சலைப் போல் வந்து போகிற வருத்தங்கள் அல்ல. நோவு எதுவும் காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கெடுப்பவை. குளிசையை மிச்சம்பிடித்த அம்மா பாரிசவாதத்தில் விழுந்தால் வீட்டின் உழைப்பே நின்றுவிடும்.

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து இலவசம். கையிருப்பு இல்லாதபோதுதான் வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தருகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் இது பெருந்துயராக இருந்தது. அவ்வருட ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் விலை 40 வீதத்தால் உயர்த்தப்பட்டது. நான் அறிந்த ஒரு அம்மா முப்பது குளிசைக்கான துண்டுடன் மருந்துக்கடைக்குப் போய், காசு போதாமல் பத்தை மட்டும் வாங்கி வந்தார். அதே மருந்து வேறொரு கம்பனியின் பெயரில் மலிவாகக் கிடைக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மருந்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று பொதுப் பெயர். மற்றையது கம்பனி வைக்கும் வியாபாரப் பெயர். நீரிழிவுக்கான மெற்போர்மின், பிறசருக்கான லொசாட்டன், கொழுப்புக்கான அற்றோவஸ்ரற்றின் என்பவை பொதுப் பெயர்கள். ஒரே மருந்து பல வியாபாரப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுகிறது.

இதை இந்த நாட்டில் முன்னின்று எடுத்துச் சொன்னவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையை அடுத்து, 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. தேவையான மருந்துகளை மட்டும் தெரிந்து, பொதுப் பெயரில், கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கியதால் விலை குறைந்தது. பிபிலே 1977 இல் கயானாவில் காலமானார். அவரது எண்ணம் சட்டவடிவம் பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் நிறைவேறிய தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வைத்தியர் துண்டில் பொதுப் பெயரை விளங்கும்படி எழுத வேண்டும். மருந்துக்கடைக்காரர் அந்த மருந்தின் வகைகளையும் விலைகளையும் சொல்ல வேண்டும். 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் விதிக்கப்பட்டது.

சகோதரிகளே, சட்டம் கடதாசியில் இருந்தால் மட்டும் போதாது. கேட்பதற்கு ஆள் வேண்டும். துண்டு எழுதும்போதே, "டொக்ரர், பொதுப் பெயரையும் எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். கடையில், "இதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா?" என்று கேட்டு, பற்றுச்சீட்டும் வாங்குங்கள். கிளினிக் கொப்பியில் மருந்தின் பொதுப் பெயரும் அளவும் இருக்கட்டும். இரண்டு வியாபாரப் பெயர்களில் வந்த ஒரே மருந்தை இரு தடவை போட்டுவிடும் ஆபத்தையும் அது தடுக்கும். காசு இல்லையென்றால் குளிசையைப் பாதியாக்காமல், நிறுத்தாமல், அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலிவான மாற்று மருந்தை அவரால் எழுத முடியும்.

வாசிக்கத் தெரியாத அயலவருக்காக ஒருவர் கூடப் போகலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் ஒருநாள் எல்லோரும் தத்தம் துண்டுகளைக் கொண்டுவந்து விலைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பத்துப் பெண்கள் சேர்ந்தால் கூச்சமின்றிக் கேட்கலாம்.