வேதியியலைக் கைவிடும் முன்…

தொடக்கக் கல்லூரியில் சேர்ந்ததும் மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அந்த முடிவின் விளைவு, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பல்கலைக்கழக வாசலில்தான் தெரிகிறது.

மருத்துவராக விரும்பும் ஒரு மாணவி, கடினம் என்று அஞ்சி வேதியியலை விட்டுவிடுவதாக வைத்துக்கொள்வோம். மற்ற பாடங்கள் அனைத்திலும் ‘ஏ’ வாங்கினாலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு மருத்துவம் கிட்டாது. அங்கு எச்2 நிலையில் வேதியியலும், அதனுடன் உயிரியல் அல்லது இயற்பியலும் கட்டாயம்.

நான்கு எச்2 பாடங்கள் எடுத்தால்தான் பெருமை என எண்ணும் பெற்றோரும் உண்டு. முன்பு 90ஆக இருந்த உச்சப் புள்ளி, 2026 சேர்க்கையிலிருந்து 70 ஆகியுள்ளது. மூன்று எச்2 பாடங்களுக்கு 60, ஜெனரல் பேப்பருக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் மாணவரின் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் சேரும். ஆகவே சுமையைக் கூட்டுவதால் மட்டும் பலன் கூடிவிடாது.

பிள்ளை விரும்பும் பட்டப்படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று பெற்றோர் முதலில் பிள்ளையுடன் சேர்ந்து பார்க்க வேண்டும். அவை போக மீதமுள்ள இடத்தில், பிள்ளை விரும்பிப் படிக்கும் பாடம் இருக்கட்டும். அறிவியல் பக்கம் நாட்டமிருந்தும் துறை முடிவாகவில்லையா? வேதியியலையும் கணிதத்தையும் வைத்துக்கொண்டால் பல வாசல்கள் திறந்தே இருக்கும்.