உறைந்த தேன் பொய்த் தேனா?

சென்ற தைத் திங்களில் நம் விடுதியில் நிகழ்ந்தது இது. நண்பர் ஒருவர் பரத்பூர்ச் சந்தையில் வாங்கி வந்த தேன், சில நாட்களில் நெய்போல் வெளுத்து உறைந்து விட்டது. “சர்க்கரைப் பாகை ஊற்றி ஏமாற்றிவிட்டான்!” என்று சீறியவர், புட்டியை எறியப் புறப்பட்டார். நான் தடுத்தேன். அந்தப் புட்டிக்காக வாதாடவே இக்கட்டுரை.

தேன் என்பது யாது? மலரின் மதுவைத் தேனீ வயிற்றுப்பையில் ஏந்தி வந்து, நொதிப்பொருள்களைக் கலந்து, கூட்டிலிட்டுச் சிறகால் விசிறி நீரை வற்றச் செய்து ஆக்குவதே தேன். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பங்கு பிரக்டோஸ். 31 பங்கு குளுகோஸ். 17 பங்கு நீர். எஞ்சியவை பிற சர்க்கரைகள், அமிலங்கள், தாதுப்பொருள்கள், மகரந்தம். இது சராசரிக் கணக்கே. மலரும் மண்ணும் மாறினால் கணக்கும் மாறும்.

பிரக்டோஸ் நீரில் எளிதில் கரைந்து நிற்கும். குளுகோஸ் அவ்வாறன்று, மிகுந்தால் படிகமாய்ப் பிரியும். வடநாட்டு வயல்களில் குளிர்காலத்தே பூக்கும் கடுகின் தேனில் குளுகோஸ் மிகுதி. 14 டிகிரி செண்டிகிரேட் அளவில் தேன் விரைந்து உறையும். டில்லியின் தை மாதத்தில் அந்தக் குளிருக்குப் பஞ்சமா?

வங்கத்துச் சுந்தரவனத் தேனோ வேறு வகை. அங்கே காற்றில் ஈரம் மிகுதி. ஆதலால் தேனிலும் நீர் மிகுதி. அது இளகி ஓடும். நெடுநாள் வைத்தால் புளிக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தேன் மலரிலிருந்து வருவதே அன்று. ரப்பர் மரத்தின் இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் மதுவே அதற்கு மூலம்.

புண்ணுக்குத் தேன் தடவிய பழக்கத்திலும் பொருளுண்டு. தேனில் அமிலம் உண்டு. கிருமி பெருகப் போதிய நீர் இல்லை. தேனீ சேர்த்த நொதிப்பொருள் ஒன்று, நீர் கலந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். மிகுந்த சூடு இந்த நொதியை அழித்துவிடும். ஆயினும் தேனும் சர்க்கரையே. நீரிழிவு உடையோர் மறத்தலாகாது.

அப்படியானால் கலப்படமே இல்லையா? உண்டு. டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் 2020-இல் சோதித்த 22 மாதிரிகளில், எல்லாச் சோதனைகளிலும் தேறியவை 5 மட்டுமே. ஆய்வுக்கூடச் சோதனைக்கே சில தப்பும்போது, நீரில் சொட்டுவதும் தீக்குச்சி கொளுத்துவதும் எம்மாத்திரம்? உறைவதால் மட்டும் தேன் பொய்யாகாது. உறையாமையால் மட்டும் மெய்யாகாது.

புட்டியை வெதுவெதுப்பான நீரில் வைத்தோம். தேன் மெல்ல இளகிற்று. மகிழ்ந்த நண்பர், “பாதியை அக்காளின் கைக்குழந்தைக்கு அனுப்புகிறேன், நாவில் தொட்டு வைக்கட்டும்” என்றார். மறுபடியும் தடுக்க வேண்டியதாயிற்று. எத்துணைத் தூய தேனிலும் பாட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் குடலில் அவை முளைப்பதில்லை. ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து, உயிருக்கே ஊறு செய்யும் நஞ்சைச் சுரக்கக்கூடும்.

நல்ல தேனை எறிய இருந்தவரும், அதையே குழந்தைக்கு அனுப்ப இருந்தவரும் ஒருவரே. இரு முறையும் அவரைத் தடுத்தது சிறிதளவு விஞ்ஞானம்தான்.