சாம்பலில் விளையும் தித்திப்பு

உடம்பைக் குறைக்க முடிவெடுத்த வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். சோற்றைக் குறைத்துவிட்டாராம், நடைப்பயிற்சியும் தவறுவதில்லையாம். மாலை நாலு மணிக்கு மட்டும் நாக்கு இனிப்புக்கு அலைகிறதாம். ‘வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு வெல்லமும் தேனும் போட்டு வீட்டிலேயே லட்டு பிடிக்கிறேன், சரிதானே?’ என்று கேட்கிறார்.

சரியில்லை, அம்மா. 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரி என்றால் வெல்லத்தில் 380 பக்கம். வெல்லத்தில் கொஞ்சம் இரும்பும் பிற தாதுக்களும் உண்டுதான். அதற்காகக் கால் கிலோ வெல்லத்தைத் தின்ன முடியுமா? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. எடை குறைக்கச் செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றும் 2023-இல் அதே நிறுவனம் சொல்லிவிட்டது. கருப்பட்டி மைசூர்பாகை ‘டயட் ஸ்வீட்’ என்று பலகை மாட்டி விற்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதில் ஊற்றிய நெய்க்குக் கலோரி கிடையாதா?

எதையும் சேர்க்காமல் தானே இனிக்கும் பண்டம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: சர்க்கரைவள்ளிக்கிழங்கு. பொங்கல் படையலில் வைப்பதும், அவித்து உரித்துத் தின்பதும் எல்லோருக்கும் தெரியும். பெயரில் கிழங்கு இருந்தாலும் உருளைக்கிழங்குக்கு இது உறவில்லை, வள்ளைக்கீரைக்குத்தான் நெருங்கிய சொந்தம். அறிமுகம் இவ்வளவு போதும். எனக்குப் பிடித்த சங்கதி வேறு.

ஒரே கொடியில் தோண்டிய இரண்டு கிழங்கில் ஒன்றைக் குக்கரிலும் மற்றதைச் சமையல் முடிந்த விறகடுப்பின் சுடுசாம்பலிலும் போடுங்கள். சாம்பலில் வெந்ததுதான் தித்திக்கும். நீர் வற்றுவதால் இனிப்பு கூடுகிறது என்பார்கள். அது பாதிதான் உண்மை. மீதி, கிழங்கு தன் உள்ளுக்குள் செய்துகொள்ளும் வேலை.

பச்சைக் கிழங்கில் சர்க்கரை கொஞ்சம், மாவுச்சத்து நிறைய. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ்களை நீளமாகக் கோத்த சங்கிலி. அந்த உருவில் அது நாக்குக்கு இனிக்காது. ஆனால் அதே கிழங்கில் பீட்டா அமிலேஸ் என்ற நொதியும் இருக்கிறது. சிறுவயதில் தீபாவளிக்குச் சரவெடி வாங்கினால் நாங்கள் ஒரேயடியாகக் கொளுத்திவிட மாட்டோம். நாலு நாளைக்கு வரட்டும் என்று முனையிலிருந்து இரண்டிரண்டாகப் பிரித்து வைப்போம். இந்த நொதியும் அப்படித்தான், சங்கிலியின் முனையிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாகக் கழற்றுகிறது. கழன்று வரும் ஜோடிக்குப் பெயர் மால்டோஸ். சர்க்கரையின் இனிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இதற்கு. ஆனால் நிறைய உண்டாகிறது.

நொதிக்கு ஒரு சங்கடம். மாவுத் துகள்கள் பச்சையாக இறுகிக் கிடக்கும்வரை அதன் பாச்சா பலிக்காது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகுதான் துகள்கள் நீர் குடித்து ஊதிக் குழைகின்றன. 80 டிகிரியை நெருங்கினாலோ நொதியே செயலிழந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கர் அந்த இடத்தை ஓட்டமாகக் கடந்துவிடுகிறது, மைக்ரோவேவ் அதைவிட வேகம். சாம்பலுக்கு அவசரமே இல்லை. ஜப்பானில் குளிர்காலம் வந்தால் சூடான கூழாங்கற்களில் இதே கிழங்கைச் சுட்டு வண்டியில் விற்பார்கள். யாக்கி இமோ என்று பெயர். சூட்சுமம் நம் பாட்டிகளுடையதேதான்.

விறகடுப்பு இல்லாத வீட்டில் கனமான இரும்புச் சட்டி போதும். ஒல்லியான கிழங்காகப் பார்த்துக் கழுவித் துடைத்து, தோலோடு போட்டு மூடுங்கள். எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தீ முடிந்த மட்டும் சிறிதாக இருக்கட்டும். அவ்வப்போது புரட்டிவிட்டால் முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில் தோல் சுருங்கித் தொளதொளக்கும். நுனியில் பாகு கசிந்து, சட்டியில் பட்டுக் கருகி, கரும்பொட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பதம். உரித்து மசித்து, வறுத்துப் பொடித்த எள், ஏலக்காய்த் தூள், ஒரு கல் உப்பு சேர்த்து உருண்டை பிடியுங்கள். கையில் ஒட்டினால் கொஞ்சம் பொட்டுக்கடலை மாவு.

100 கிராம் கிழங்கில் கலோரி 100-ஐ ஒட்டி, நார்ச்சத்து சுமார் 3 கிராம். எடை குறைப்பவர் மாலையில் ஒரு சின்னக் கிழங்கு தின்றால் பழுதில்லை. நீரிழிவுக்காரர்களுக்குக் கணக்கே வேறு. சுட்ட கிழங்கு, அவித்த கிழங்கைவிட வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்கள் அவித்தே சாப்பிடட்டும், அதையும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டு.

நம் ஊரில் இந்தக் கிழங்குக்கு மரியாதை தை மாதத்தில் ஒரு வாரம். இத்தனைக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. பூ சோனா என்ற ஆரஞ்சுச் சதை ரகம் அந்த நிலையம் உருவாக்கியது. உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறும் பீட்டா கரோட்டின் நிறைந்தது. ஆப்பிரிக்காவில் இதுபோன்ற ஆரஞ்சுக் கிழங்கை வளர்த்துப் பரப்பியவர்களுக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. நம் காய்கறிக் கடையில் கேட்டுப் பாருங்கள், ‘அதெல்லாம் வராது சார்’ என்பார்கள். டப்பாவில் அடைத்து வரும் கினோவாவுக்குக் கொட்டிக் கொடுக்கிற நாம், மண் ஒட்டிய கிழங்கிடம் பேரம் பேசுகிறோம்.

வாங்கி வந்ததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர் பட்டால் நடுச்சதை இறுகிப்போய், எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது. காற்றாடக் கூடையில் கிடக்கட்டும். தோண்டிப் பத்து நாள் ஆன கிழங்கு என்று கடைக்காரர் தயங்கினால் அதையே கேட்டு வாங்குங்கள். நேற்றுத் தோண்டியதைவிட அது இனிக்கும்.