கியர்ப்பெட்டியின் எண்ணெய்க் கசிவும் பழுதுற்ற மரைகளைச் செப்பனிடும் முறையும்

பெரகல, அல்துமுல்லை, அப்புத்தளைப் பகுதிகளின் கமக்காரர்களுக்கு

மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த சிறு வயல்களுக்கும் மரக்கறித் தோட்டங்களுக்கும் இரு சக்கர உழவு இயந்திரம் பேருதவியாகும். 1950களில் இந்நாட்டில் அறிமுகமான லேண்ட்மாஸ்டர் இயந்திரத்தின் பெயராலேயே இவ்வகை இயந்திரங்களை இன்றும் பலர் அழைப்பர். இதன் கியர்ப்பெட்டியின் அடிமூடியில் எண்ணெய் கசியுமாயின், அதனைச் சிறு குறையென அலட்சியம் செய்தலாகாது.

எண்ணெய் வெளியேறும் வழி, சேற்றுநீர் உட்புகும் வழியுமாகும். எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் நீர் கலந்துவிட்டதென அறிக. அவ்வாறாயின் பற்சக்கரங்களும் பேரிங்குகளும் துருவேறித் தேய்ந்து, பெரும்போக உழவின் நடுவே இயந்திரம் நின்றுவிடும். அன்றியும், மேல்வயலில் சிந்தும் எண்ணெய் நீருடன் இறங்கிக் கீழ்வயலாரின் பயிரையும் கெடுக்கும்.

காரணம் யாது?

கசிவைக் கண்டதும் மரையாணியை மேன்மேலும் இறுக்குவது பலரின் வழக்கம். ஆணி எஃகினால் ஆனது. பெட்டியோ பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது அலுமினியம். ஆகவே அளவு மீறி இறுக்கினால் பெட்டியின் உள்மரையே சிதையும். பின்னர் ஆணி பிடிப்பின்றிச் சுழலும். தகட்டு மூடியாயின் துளையைச் சுற்றி வளைந்து, கசிவு முன்னிலும் பெருகும்.

முதலில் ஆராய்க

பெட்டியை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சிறிது நேரம் இயக்கிப் பாருங்கள். மேலுள்ள அச்சின் சீலிலிருந்து வடியும் எண்ணெயும் அடிமூடியின் விளிம்பில் வந்து நிற்கும். காற்றுத் துவாரம் சேற்றினால் அடைபட்டாலும், எண்ணெய் அளவு மிகுந்தாலும் கசிவு தோன்றும்.

செப்பனிடும் முறை

1. இயந்திரத்தை நிறுத்தி, அசையாவண்ணம் மரக்கட்டைகளால் தாங்குக. எண்ணெயைப் பாத்திரத்தில் வடித்தெடுக்க.

2. பழைய காஸ்கட்டைச் சுரண்டி நீக்குக. வளைந்த தகட்டு மூடியைச் சமதளத்தில் வைத்து மெல்லத் தட்டி நேராக்குக.

3. ஆணியின் மரையில் உலோகச் சுருள்கள் ஒட்டியிருப்பின் உள்மரை அறுந்துள்ளது. ஆணி மட்டும் பழுதாயின், அதே விட்டமும் மரையிடைவெளியும் நீளமும் உடைய புதிய ஆணியை இடுக. நீளம் மிகுந்தால் ஆணி துளையின் அடியில் முட்டி, மூடியை அழுத்தாது.

4. சிறிதே சிதைந்த உள்மரையை டாப் கொண்டு திருத்தலாம். முற்றும் அறுந்ததாயின், சுற்றிலும் போதிய தடிப்பு உள்ள இடத்தில் அடுத்த பருமனுக்கு மரை வெட்டலாம். 1.25 மி.மீ. இடைவெளியுள்ள 8 மி.மீ. ஆணிக்குத் துளை 6.8 மி.மீ.; 1.5 மி.மீ. இடைவெளியுள்ள 10 மி.மீ. ஆணிக்கு 8.5 மி.மீ. ஆகும். மூடியின் துளையையும் அதற்கேற்ப அகலமாக்குக. தடிப்புக் குறைந்த இடத்தில், ஹெலிகாயில் எனப்படும் எஃகுக் கம்பிச் சுருளைப் பதித்தால் பழைய அளவு ஆணியையே பயன்படுத்தலாம்.

5. துளைப்பானிலும் டாப்பிலும் கிரீஸ் பூசினால் உலோகத்தூள் அதில் ஒட்டும். டாப்பைச் சிறிது முன்னே திருப்பியதும் சற்றுப் பின்னே திருப்புக. பெட்டியினுள் தூள் விழலாகாது.

6. அடியடைந்த துளைகளில் தேங்கிய எண்ணெயைத் துடைத்தெடுக்க. தேங்கியிருப்பின், ஆணி இறங்கும்போது வார்ப்பு வெடிக்கக்கூடும்.

7. புதிய காஸ்கட்டை இட்டு, எல்லா ஆணிகளையும் கையால் பூட்டுக. பின்னர் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் கைநூலிற் கூறிய அளவுக்கு இறுக்குக. பசை இடுவதாயின் மெல்லிய பூச்சே போதும்.

எச்சரிக்கை

மரையில் நூல் சுற்றுவதும் பசை அப்புவதும் நிலையான பரிகாரமாகா. வார்ப்பிரும்பில் பயிற்சியற்றோர் வெல்டிங் செய்தால் வெடிப்பு உண்டாகும். மரை வெட்டும் கருவி இல்லாதோர் தேர்ந்த பட்டறையை நாடுக. கழிவு எண்ணெயை வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றாது, மூடிய கலத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்க.

புதிய எண்ணெயைக் குறித்த மட்டத்திற்கு நிரப்பி, முதல்நாள் வேலை முடிந்ததும் மீண்டும் பார்வையிடுங்கள். இவ்வேலையைச் சிறுபோக அறுவடை முடிந்ததும் செய்துகொண்டால், பெரும்போகத்து முதல் மழைக்கே தடையின்றி ஏர் இறங்கும்.