மரக்கன்றுக்கு முன் மண்ணுக்குச் செலவு செய்யுங்கள்!

குடியிருப்போர் சங்க பட்ஜெட்டில் தோட்டத்துக்கான பணத்தை எப்படிப் பிரிப்பது? புதுச்சேரியை ஒட்டியுள்ள ஆரோவில் இதற்கு நல்ல பாடம்.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, அது மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. குடியேறியவர்கள் முதலில் வரப்பு கட்டி மழைநீரை மண்ணில் இறக்கினார்கள். பிறகு, வேகமாக வளரும் அகேசியாவை நட்டார்கள். அதன் நிழலில் கருங்காலி, வீரை போன்ற நாட்டு மரங்கள் மெதுவாக வளர்ந்தன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வீசியபோது ஏராளமான அகேசியா மரங்கள் சாய்ந்தன. நாட்டு மரங்களில் பல தாங்கி நின்றன.

சங்கங்களும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். முதல் வருடப் பணம் மழைநீர்ச் சேமிப்புக்கும் எருவுக்கும். அடுத்த மூன்று வருடம் தண்ணீருக்கும் பராமரிப்புக்கும். அதன்பின், ஆண்டுதோறும் புயல் காலத்துக்கு முன் கிளை கழிக்க ஒரு தொகை. கன்றின் விலை இதில் சின்னப் பங்குதான்!