சி வாரா: உழவு கற்பித்த விலங்கு

மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் வீட்டில், டி.வி.க்குப் பக்கத்தில், நீண்ட கொம்பும் வளைந்த பிடரியும் கொண்ட மரச்சிற்பம் ஒன்று இருந்தது. "மான் சார், ஷோபீஸ்" என்றார். எடுத்துப் பார்த்தேன். அடிப்பாகத்தில் சிறு துளைகள். ஷோபீஸுக்குத் துளை எதற்கு? அந்தக் கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது.

அது பாமனா மக்களின் 'சி வாரா'. 'சி' என்றால் உழுது பயிரிடுவது. 'வாரா' என்றால் காட்டு விலங்கு. பாதி மனிதனும் பாதி விலங்குமான சி வாரா, நகத்தால் மண்ணைக் கிளறி மனிதருக்கு வேளாண்மையைக் கற்றுக்கொடுத்தானாம். விளைச்சல் பெருகியது. பெருகியதும் ஜனங்கள் தானியத்தை வீணடித்தார்கள். மனம் நொந்தவன் மண்ணுக்குள் புதைந்து மறைந்துபோனான். அவன் நினைவாகவே இது செதுக்கப்படுகிறது என்பது அவர்கள் சொல்லும் கதை.

முகமூடி என்று நாம் சொன்னாலும் இதை முகத்தில் மாட்டுவதில்லை. பின்னிய கூடைத் தொப்பியின் மேல் வைத்துக் கட்டித் தலையில் அணிவார்கள். துளைகள் அதற்குத்தான். ஆடுபவரின் உடலை நார் ஆடை மறைத்துவிடும். மறிமானின் கொம்போடு, வளை தோண்டும் ஆர்ட்வார்க், அழுங்கு ஆகியவற்றின் சாயலையும் சிற்பி சேர்ப்பதுண்டு. மண்ணைப் பறிக்கத் தெரிந்த விலங்குகள் அல்லவா!

எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஆண் விலங்கு சூரியன். முதுகில் குட்டி சுமக்கும் பெண் விலங்கு பூமி. நார் ஆடை தண்ணீர் என்று விளக்குவார்கள். மூன்றும் சேராமல் பயிர் ஏது? இளைஞர்கள் போட்டி போட்டு நிலத்தைக் கொத்தும்போது, ஆட்டக்காரர்கள் குச்சிகளை ஊன்றிக் குனிந்து ஆடுவார்கள், பெண்கள் பாடுவார்கள். சிறந்த உழவனுக்கும் 'சி வாரா' என்றே பட்டம்.

இஸ்லாம் பரவியபின் பல கிராமங்களில் ஆட்டம் நின்றுபோனது. சிற்பங்கள் பாரிஸ், நியூயார்க் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வயலும் பாட்டும் தொப்பியும் அங்கேயே தங்கிவிட, தலை மட்டும் ஊர்விட்டு ஊர் வந்தது.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சிற்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இதுக்கு ஜோடி ஒண்ணு எங்கேயோ இருக்கணுமே, சார்?"